முறுக்கு இறங்காத கடிகாரம்

கொலை நடந்த அறையில் என்னை அதிகம் பயமுறுத்தியது ரத்தக்கறை இல்லை. வாசற்படியில் கறுப்புக் கண்ணாடியோடு நின்ற ஒரு பெரிய மனிதரின் கண் வலி.

"கிட்ட வராதீங்க தம்பி, பார்த்தாலே ஒட்டிக்கும்," என்றார்.

"கவலையே படாதீங்க சார். உங்ககிட்ட பேசுறப்ப நான் சுவரைத்தான் பார்க்குறேன்," என்றேன்.

அத்தை திரும்பி என்னை முறைத்தாள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அவள் நிஜமாகவே அத்தை, அப்பாவின் அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெயிம்களைத் தோண்டித் தோண்டியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றதும் சோடாபுட்டி மாதிரி தடித்த கண்ணாடி போட்ட இந்த மருமகனை ஸ்கூட்டர் ஓட்ட வைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பிவிட்டாள். என் பெயரை மறந்துவிட்டு சோடா என்றே கூப்பிடுகிறாள். சம்பளம் கேட்டால் சாப்பாடு போடுகிறாள்.

செத்துப்போனவர் மருந்துக்கடைக்காரர். கடிகாரம் ரிப்பேர் செய்வது அவர் தொழில் இல்லை. ஆனால் அவர் வீட்டுப் பின்னறையின் நாலு சுவரும் கடிகாரக்காரர்களின் பழங்காலக் கருவிகள். எங்கேயாவது பெட்டி பெட்டியாக வாங்கி வருவார், துரு எடுப்பார், இது என்ன, இதை எந்த முனையில் பிடிக்க வேண்டும், இதை வைத்து எதைத் திருப்ப வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை இதே கிறுக்குள்ள இரண்டு நண்பர்கள் வருவார்கள். பெயர் தெரியாத ஒரு கருவி மேசைக்கு வரும். பெயரைச் சொன்னால் கைதட்டல். அதை வைத்து வேலை செய்து காட்டினால் கருவியையே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதுதான் அவர்கள் விளையாட்டு.

போன ஞாயிறு மத்தியானம் அந்தப் பின்னறை நாற்காலியில் வைத்தே அவரை யாரோ செதுக்குளியால் குத்திவிட்டார்கள். பென்சில் நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பி, முனை மட்டும் சாய்வாகத் தீட்டியது. கழுத்தில் குத்தி, மார்பில் குத்தி, செத்த பிறகும் குத்தி, கடைசிக் குத்தில் உளி எலும்பில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைப் பிடுங்கி எடுத்தவர் மருந்துக்கடைக்காரரின் வீட்டோடு மாப்பிள்ளை. பிடுங்கினால் பிழைப்பார் என்று நினைத்தாராம். போலீஸ் வந்தபோது கையில் உளி, சட்டை முழுக்க ரத்தம். போதாக்குறைக்கு, முந்தின வாரம்தான் தெருவே கேட்கும்படி "உங்களை வெட்டிப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று மாமனாரிடம் கத்தியிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு வேறு என்ன வேண்டும்?

எங்களைக் கூப்பிட்டது மகள்.

"நேத்து பார்க்கப் போனேன் அத்தை," என்றாள். அழவில்லை. அழுது தீர்ந்துபோயிருந்தது. "முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கு. உள்ளங்காலைத் தரையில வைக்க முடியல அவரால. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்க வெச்சிடுவேன்னு இன்ஸ்பெக்டர் என் முன்னாடியே சொல்றார். அடி தாங்க முடியாம ஒத்துக்கிட்டார்னா அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள் அத்தை. பொய் ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

மேசைமேல் ஒரு பெரிய மேசைக் கடிகாரத்தின் பிணம் கிடந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடுகள் இரண்டும் தனித்தனியாக எகிறியிருந்தன. சக்கரங்கள் அறை முழுக்க. தாழ்ப்பாள் அகலத்துக்கு ஒரு நீல எஃகு ஸ்பிரிங் சுருள் பிரிந்து நாற்காலிக்கால் வரை நீண்டு கிடந்தது.

"அடிதடியில கீழ விழுந்து உடைஞ்சதுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார்," என்றாள் மகள்.

அத்தை ஒரு தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் கடிகாரத்தின் திருகாணிகள், கழற்றிய வரிசையிலேயே அழகாக அடுக்கியிருந்தன.

"இதைப் பார்த்தா அடிதடி மாதிரி இருக்கா?"

"இருந்தா ரொம்ப ஒழுக்கமான அடிதடி அத்தை. ஒரு குத்து, ஒரு திருகாணி, ஒரு குத்து, ஒரு திருகாணி."

"யாரோ நிதானமா உட்கார்ந்து பிரிச்சிருக்காங்க. அப்புறம்தான் வெடிச்சிருக்கு." சுவரில் தொங்கிய ஒன்றைக் காட்டினாள். பம்பரம் போன்ற மரக்கைப்பிடி, நுனியில் சாவி. "இது என்ன சார்?"

கறுப்புக் கண்ணாடிக்காரர் படியைத் தாண்டாமலே பதில் சொன்னார். அவர் மருந்துக்கடைக்காரரின் ஞாயிறு நண்பர்களில் ஒருவர். ஏலக்கடையில் பழம்பொருள்களுக்கு மதிப்புப் போடுபவர். எந்தக் கருவியைக் காட்டினாலும் பெயர், பிறந்த நாடு, பூர்வோத்தரம் எல்லாம் ஒப்பிப்பதால் நண்பர்கள் வைத்த பெயர் அகராதி.

"முறுக்கு இறக்குற சாவிம்மா. முறுக்கியிருக்குற கடிகாரத்தை அப்படியே பிரிச்சா ஸ்பிரிங் சீறிக்கிட்டு வந்து அறுத்துடும். இதை மாட்டி, உள்ளங்கையில கொஞ்சம் கொஞ்சமா நழுவ விட்டு, முறுக்கை இறக்கணும். அப்புறம்தான் திருகாணியையே தொடணும்."

"மருந்துக்கடைக்காரருக்கு இது தெரியுமா?"

"அவருக்கா? தூக்கத்துலயும் செய்வார்."

"அப்ப பிரிச்சது அவர் இல்லை. ஸ்பிரிங் யாரையோ அறுத்திருக்கு."

அவர் தயங்கினார். கைக்குட்டையால் கண்ணாடிக்குக் கீழே ஒற்றிக்கொண்டார். "சொல்லக் கூடாது. நான் அன்னிக்கு இந்தக் கண் வலியால வரவேயில்லை. ஆனா எங்க ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இன்னொருத்தர், டிரைவிங் ஸ்கூல்காரர், கையில பெரிய கட்டு போட்டிருக்கார். என்னன்னு கேட்டா கடிக்க வர்றார்."

சொல்லிவிட்டு, பிறருக்கு ஒட்டிவிடக் கூடாது என்று நல்ல மனிதராகக் கிளம்பிப் போனார். நான் மூச்சை இழுத்துவிட்டேன். அத்தை தரையில் மண்டியிட்டாள். சக்கரங்களுக்கு நடுவே வளைந்துபோன குண்டூசி ஒன்றை எடுத்தாள். எடுத்து எழுந்தவள் என் செருப்பைப் பார்த்தாள்.

"காலைத் தூக்குடா. எதை மிதிச்சுக்கிட்டு நிக்கிற?"

கறுப்பு வளையம். ஒரு பக்கம் உடைந்திருந்தது. பாட்டில் மூடி என்று நினைத்தேன். மகள் வாங்கிப் பார்த்தாள்.

"கடிகாரக்காரங்க கண்ணுல சொருகிக்குற லென்ஸோட கூடு. ஆனா அப்பாவோடது இல்லை. அப்பா லென்ஸ் கயித்துல கட்டிக் கழுத்துல கிடந்தது. அதைக் கழட்டித்தான் குளிப்பாட்டினோம்."

அத்தை வளையத்தையும் ஊசியையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் கொலையைப் பற்றிக் கேட்க வந்த பத்திரிகைக்காரனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர். அதனால் அத்தை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். இடது சீட்டில் அவர், காலுக்குக் கீழே தனி பிரேக், வலது கையில் முழங்கை வரை கட்டு. ஸ்டியரிங்கில் அத்தை. பின்சீட்டில் நான், என் குலதெய்வத்தோடு.

"கிளட்சை மெதுவா விடுங்கம்மா. மெதுவா. இது மாடு இல்லை, உதைக்காதீங்க."

வண்டி உதைத்தது. ஒரு பால் வண்டிக்காரர் உயிர் தப்பினார்.

"கையில என்ன காயம்?" என்றாள் அத்தை, ரோட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தபடி.

"ரோட்டைப் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை மருந்துக்கடைக்காரர் வீட்டுல கடிகாரம் பிரிச்சது நீங்கதானா?"

அவர் பிரேக்கை மிதித்தார். மிதித்தார் என்பது சின்ன வார்த்தை. என் மூக்கு முன்சீட்டில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. கண்ணைத் திறப்பதற்குள் பின்கதவு திறந்தது. காலரைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டார். வயதான அம்மாவை அடிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, அவள் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்தார். இடது கையாலேயே வயிற்றில் இரண்டு. குனிந்தேன். முழங்காலால் தாடையில் ஒன்று. வாயில் உப்புக் கரித்தது.

"அவன் என் சிநேகிதன்டா! சிநேகிதனை நான் குத்துவேனா? எவன்டா சொன்னான்?"

"கட்டைப் பிரிங்க. நம்புறேன்," என்றாள் அத்தை, ஸ்டியரிங்கை விடாமல்.

அவர் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார். துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கொப்புளம், சில இடங்களில் பச்சை மாமிசம். வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லை.

"ரேடியேட்டர்," என்றார். கோபம் வடிந்ததும் அவர் குரல் உடைந்துவிட்டது. ரோட்டோரத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை காலையில வண்டி வழியில நின்னுபோச்சு. வண்டிதான் நின்னுடுச்சேன்னு மூடியைத் திறந்தேன். உள்ள கொதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அடிச்சது பாருங்க, கையைக் கொண்டுபோயிடுச்சு. ஆஸ்பத்திரியில கிடந்ததாலதான் அன்னிக்கு நான் அங்க போகல. போயிருந்தா அவன் செத்திருக்க மாட்டான்." சொல்லிவிட்டு அழுதார். என்னை அடித்த மனிதனுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன். கொஞ்சம் ரத்தமாக இருந்தது.

அத்தை முதல்முறையாக ஸ்டியரிங்கை விட்டாள். "என்ன சொன்னீங்க? வண்டிதான் நின்னுடுச்சேன்னு?"

"ஆமா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

"கடிகாரத்துலயும் அப்படி நடக்குமா? நின்னு கிடக்கும், ஆனா உள்ள முறுக்கு அப்படியே இருக்கும்?"

"புதுசா கத்துக்குறவன் எல்லாம் மாட்டிக்குறதே அதுலதான். நின்ன கடிகாரம்னா முறுக்கு ஓஞ்சுபோன கடிகாரம்னு நினைச்சுக்குவான். ஒரு தூசி மாட்டினாக்கூட நிக்கும். ஸ்பிரிங் முழு முறுக்குல காத்துக்கிட்டிருக்கும்."

"குண்டூசி மாட்டினா?"

அத்தை கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். அவர் ஊசியைப் பார்த்தார். முகம் மாறியது.

"இது தானா விழுந்தது இல்லைம்மா. யாரோ சக்கரத்துக்கு நடுவுல வெச்சு நிறுத்தியிருக்காங்க."

"இந்த வளையம்?"

"லென்ஸ் கூடு. ஆனா அந்தக் கடிகாரம் இவ்வளவு பெருசு! யானையைப் பார்க்க எவனாவது பூதக்கண்ணாடி போடுவானா? கையால வேலை செஞ்சு பழகினவன் எவனும் அதுக்கு லென்ஸ் மாட்ட மாட்டான். படத்துல அப்படித்தான் இருக்கும்னு..." அவர் பாதியில் நிறுத்தினார்.

"லென்ஸ் மாட்டினா முகத்தை எங்க வெச்சுக்கணும்?"

அவர் தன் உள்ளங்கையை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து காட்டினார். அவ்வளவு கிட்டத்தில்.

"நான் ஒரு மடச்சி," என்றாள் அத்தை. "காலையிலிருந்து கையைத் தேடிக்கிட்டிருக்கேன். ஸ்பிரிங் கையில படவேயில்லை."

காலையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதானே பேசினேன். மூன்று நாளாக எல்லோரும் அப்படித்தான். கண் வலிக்காரன் முகத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

"அகராதி ஞாயித்துக்கிழமைகள்ல ஏதாவது வேலை செஞ்சு காட்டியிருக்காரா?" என்றாள் அத்தை.

"ஒரு நாளும் இல்லை. பெயர் சொல்வான், கதை சொல்வான். செஞ்சு காட்டுன்னா கை நடுங்குது, மனசு சரியில்லை, இப்படி ஏதாவது. ஏட்டுச் சுரைக்காய்னு மருந்துக்கடைக்காரன் முகத்துக்கு நேராவே கிண்டல் பண்ணுவான். அவனுக்கு அதுல ஒரு ருசி." அவர் எழுந்தார். "நானும் வர்றேன்."

"உங்ககிட்ட கடிகாரம் ஏதாவது இருக்கா? பெருசா?"

"ஒரு கூடு இருக்கு. தகடு ரெண்டும் இருக்கு, ஸ்பிரிங்கை எப்பவோ கழட்டிட்டேன்."

"ரொம்ப நல்லது. வண்டியை நீங்களே ஓட்டுங்க."

ஏலக்கடையின் கிடங்கு நீளமானது, ஜன்னல்கள் உயரத்தில். சட்டம் இழந்த கண்ணாடிகள், கால் இழந்த மேசைகள், எண் ஒட்டிய டைப்ரைட்டர்கள். அகராதி ஒரு கோடியில் தன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் குறைந்த இடம். ஆனாலும் கறுப்புக் கண்ணாடி. மேசையில் இறைந்து கிடந்த கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டிச் சீட்டு.

"மன்னிக்கணும் சார், மறுபடி தொந்தரவு," என்றாள் அத்தை. கடிகாரத்தை மேசையில் வைத்து, பின்கதவைத் திறந்து தகடுகள் தெரியும்படித் திருப்பினாள். "மருந்துக்கடைக்காரர் அலமாரியில இன்னொண்ணு இருந்தது. இதுக்குள்ளயும் ஏதோ இருக்கும்போல."

"எனக்குக் கண் தெளிவா இல்லம்மா. நாளைக்குப் பார்க்கலாம்."

"நீங்க சிரமப்படாதீங்க. நானே கழட்டிடறேன். நின்னுபோன கடிகாரம்தானே, என்ன பண்ணிடும்?"

அவள் திருப்புளியை முதல் திருகாணியில் வைத்தாள். நானும் டிரைவிங் ஸ்கூல்காரரும் தலையைக் குனிந்து கிட்டே பார்த்தோம். திருகாணி கிறீச்சிட்டது. இரண்டாவது. மூன்றாவதில் கையை வைத்தாள்.

நாற்காலி கவிழ்ந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். அகராதி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். கை தானாக எழுந்து முகத்தை மறைத்திருந்தது. முழு முகத்தை இல்லை, இடது கண்ணை மட்டும்.

அத்தை திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"இதுக்குள்ள ஸ்பிரிங்கே கிடையாது சார். கண் வலி ரெண்டு கண்ணுக்கும்தானே? காப்பாத்துறது மட்டும் ஏன் ஒரு கண்ணை?"

டிரைவிங் ஸ்கூல்காரர் எட்டிக் கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கினார். பிடுங்கியவரே ஓரடி பின்வாங்கினார்.

வலது கண் இருந்த இடத்தில் கண் என்று எதுவும் இல்லை. வீங்கி மூடிய ஒரு கறுத்த பொதி. இமையின் குறுக்கே சீழ் கட்டிய பிளவு. அதன் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று இன்னும் மின்னியது. மூன்று நாளாக இந்த வலியோடு இந்த மனிதன் துக்கம் விசாரித்திருக்கிறான், எங்களுக்குக் கருவிகளின் பெயர் சொல்லியிருக்கிறான். டாக்டரிடம் போனால் எப்படி ஆனது என்று கேட்பார்களே!

அவன் மேசையிலிருந்து ஒரு அரத்தை எடுத்தான். கைப்பிடி இல்லாத அரம், வால் ஊசி மாதிரி கூராக இருந்தது. பேசாமலே குத்தினான். அத்தையைத்தான் குறி வைத்தான். நடுவில் என் முழங்கை இருந்தது. உள்ளே போனதும் எலும்பில் உரசியதும் தெரிந்தது. இழுத்து மறுபடி குத்தினான். நான் கத்திக்கொண்டே விழுந்தேன், கண்ணாடி எங்கோ போனது. டிரைவிங் ஸ்கூல்காரர் பாய்ந்தார். வெந்த கையிலேயே அரத்தால் ஒரு கோடு இழுத்தான். அவர் போட்ட அலறலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன.

எனக்குக் கண்ணாடி இல்லை, அவனுக்கு ஒரு கண் இல்லை. நியாயமான போட்டிதான். ஆனால் ஆயுதம் அவனிடம் இருந்தது.

"சோடா! வலது பக்கமா போடா! அந்தப் பக்கம் அவனுக்கு உலகமே கிடையாது!"

தரையோடு தவழ்ந்தேன். மங்கலாக அவன் கால்கள் அத்தையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துப் பலகையில் ஒரு டைப்ரைட்டர். நல்ல கையால் அணைத்துத் தூக்கினேன், எழுந்தேன், அவனுடைய இருட்டுப் பக்கத்திலிருந்து தோளில் இறக்கினேன். ஏதோ முறிந்தது. மண்டி போட்டான். அரம் விழுந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் மார்பில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினார், அந்தக் கண் இருக்கும் முகத்தில். அத்தை மூன்று தடவை "போதும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சிரிச்சான்," என்றான் அகராதி. வாயில் ரத்தம் குமிழியிட்டது. "நின்ன கடிகாரம், பிரிச்சுக் காட்டு, ஒரு தடவையாவது கையால செஞ்சு காட்டுன்னான். முறுக்கி, ஊசியால நிறுத்தி வெச்சிருந்தான். எனக்கு எப்படித் தெரியும்? தகட்டைத் தூக்கினேன். கண்ணுல... நான் கண்ணைப் பிடிச்சுக்கிட்டு தரையில புரள்றேன். அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். கண் போச்சுடான்னு கத்தினேன். நடிக்காதேன்னு சொல்லிட்டு இன்னும் சிரிச்சான். சிரிப்பை நிறுத்தணும்னுதான் குத்தினேன். அவன் நிறுத்தினதுக்கு அப்புறமும் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்தது."

அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. முழங்கையிலிருந்து சொட்டிய ரத்தம் அந்தப் பாவத்தை சீக்கிரம் கழுவிவிட்டது. இவன் அமைதியாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தன் குற்றத்துக்கு ஒருவன் உள்ளங்காலில் அடி வாங்குவதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஸ்டேஷனுக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மகள் பெஞ்சில் இருந்தாள். மாப்பிள்ளையை இரண்டு கான்ஸ்டபிள்கள் மேசைக்கு முன்னால் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவர் முன்னால் போலீஸே எழுதி முடித்த வாக்குமூலம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் விரல்களை அடித்து அடித்து வீங்க வைத்திருந்ததால் பேனா நிற்கவில்லை. கட்டைவிரலை உருட்ட மை அட்டை கொண்டுவர ஒருவன் உள்ளே போயிருந்தான். அந்த அட்டையைத் தேடிய நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம்.

அத்தை வளையத்தையும் ஊசியையும் மேசையில் வைத்தாள். அகராதியின் தலையை முடியைப் பிடித்து நிமிர்த்தினாள். இன்ஸ்பெக்டர் அந்தக் கண்ணைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. வாக்குமூலக் காகிதத்தை மட்டும் நாலாகக் கிழித்தார்.

"உங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கணும் சார்," என்றேன் நான். "என்னோட பவர் போதாது உங்களுக்கு." அத்தை என் காயம்படாத கையைக் கிள்ளினாள்.

வெளியே டிரைவிங் ஸ்கூல் வண்டி நின்றது. மாப்பிள்ளையால் நடக்க முடியவில்லை. மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினோம். வண்டிக் கதவில் கை வைத்தபடி மகள் அத்தையைக் கேட்டாள்.

"எதுக்காகக் கொன்னான் அத்தை? எங்கப்பா அவனுக்கு என்ன பண்ணினார்?"

அத்தைக்கு சொல்லப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். "வேணும்னே முறுக்கி வெச்சுக் கொடுத்திருக்கார்மா. விளையாட்டுக்கு. அவன் கண்ணு போனதும் சிரிச்சிருக்கார்."

மகள் அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாக ஒரே வீட்டில், தன் கணவன்மேலும் அந்தச் சிரிப்பு விழுவதைக் கேட்டவள்தானே.

மாப்பிள்ளை கிழிந்த உதட்டைப் பிரித்தார். மூன்று நாளாக அடித்தும் போலீஸால் வாங்க முடியாத வார்த்தை மெதுவாக வந்தது.

"அவன் முந்திக்கிட்டான். இல்லேன்னா ஒரு நாள் நானே செஞ்சிருப்பேன்."

படியில் நின்ற இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். மகள் தன் முந்தானையால் கணவனின் உதட்டில் கசிந்த ரத்தத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்த சாக்கில் வாயையும் பொத்தினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள், அவர் காதோடு. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். முதல்ல வண்டியில ஏறுங்க."